விருந்தாளியின் சாட்சி

என் அக்காள் மகன் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை விடுமுறையில் வருவான். வந்தால் நாலு நாளாவது முட்டுக்காட்டில் என் வீட்டில் தங்காமல் போகமாட்டான். காலையில் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு காயலைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்தானானால், ஒன்பது மணி வரையில் பேச்சுத்தான். சென்ற பங்குனியில் வந்தபோது அவன் பேச்செல்லாம் தான் குடியிருக்கும் ஊரின் பெருமையாகவே இருந்தது. பிழைக்கப் போன ஊரைப் புகழ்கிறவன் நன்றியுள்ளவன் என்று நினைத்துக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரைன் நதிக்கரையில் இருக்கிறது கொலோன். அந்தப் பெயரே ரோமானியர் வைத்ததுதான். 'குடியேற்றம்' என்று பொருள்படும் லத்தீன் சொல் வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. தன் மனைவி அக்ரிப்பினா பிறந்த ஊர் என்பதற்காகக் கிளாடியஸ் சக்கரவர்த்தி கி.பி. 50ல் அதற்கு ரோமானிய நகர அந்தஸ்தைக் கொடுத்தாராம். 1941ல், யுத்த காலத்தில், விமானக் குண்டுக்குப் பயந்து பதுங்கு அறை தோண்டினார்கள். கடப்பாறைக்கு அகப்பட்டது மதுக் கடவுளின் உருவம் பதித்த ஒரு பெரிய வண்ணக்கல் தளம். யாரோ ஒரு ரோமானியச் செல்வரின் விருந்துக்கூடம்.

"எங்கே தோண்டினாலும் ரோமாபுரிதான் மாமா! நம்ம பக்கத்திலே அப்படி ஒரு ஊர் உண்டா?" என்றான்.

"ஏன் இல்லை? புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறதே. அதுவும் ஆற்றங்கரைதான்."

"ரோமானியர் கட்டின ஊரா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த 'ஆமாம்' எவ்வளவு வேகமாக என் வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் இல்லாத நகையை இருப்பதாகச் சொல்லும் தாயைப் போல நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அரிக்கமேட்டைப் பற்றி அதற்கு முன்பே ஓரளவு தெரியும். அது ரோமானியர் கட்டிய ஊர் அல்ல என்றும் தெரியும். தெரிந்தும் ஏன் 'ஆமாம்' என்றேன்?

மறுநாள் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டோம். காயல் பாலத்தைத் தாண்டியதும் கோவளம். அங்கேயே அவனுக்கு ஒரு வேடிக்கை சொன்னேன். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்டு கம்பெனி என்று ஒன்று இந்தக் கோவளத்தில் பண்டகசாலை வைத்திருந்தது. 1722ல் அந்தக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தவர் வியன்னாவில் இருந்த ஆறாம் சார்லஸ். அவருடைய பட்டம் 'ரோமானியப் பேரரசர்'! ரோமாபுரி விழுந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலான பிறகும் அந்தப் பெயரை விட மனமில்லாதவர்கள் ஐரோப்பாவிலேயே இருந்தார்கள் என்றால், என் ஒரு 'ஆமாம்' பெரிய குற்றமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். 1752ல் கோவளத்துக் கோட்டையைக் கிளைவ் பிடித்துக்கொண்டார். பேரரசர் பெயரைச் சொல்லி வந்த கம்பெனியை ஊரில் இன்று நினைப்பவர் யாருமில்லை.

மாமல்லபுரம் கடந்து, கல்பாக்கம் கடந்து, பாலாற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வயலூர் வருகிறது. அதன் அருகே வசவசமுத்திரம் என்று ஒரு சிற்றூர். 1970ல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் அங்கே தோண்டியபோது உறைகிணறுகளும், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. சாலையிலிருந்து பார்த்தால் தோப்பும் மணலும்தான். பையன் ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இங்கேயுமா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அவனுக்கு அரிக்கமேட்டில் தூண்களும் வளைவுகளும் காத்திருந்தன.

காத்திருக்கவும் செய்தன! அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், மாவும் தென்னையும் அடர்ந்த மேட்டில், செங்கல் தெரியும் பழைய சுவர்களும் தூண்களும் நின்றன. மருமகன் ஓடிப்போய் அதன் முன்னால் நின்று, "எடுங்க மாமா" என்று டெலிபோனை நீட்டினான். நானும் எடுத்தேன். நாலு படம் எடுத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய குருமடம். ரோமாபுரிக்கும் அதற்கும் ஆயிரத்தெழுநூறு வருஷம் தூரம். உண்மையான அரிக்கமேடு எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. தோண்டிய குழிகளையெல்லாம் முறைப்படி மூடிவிட்டார்கள். அந்த மூடிய மண்ணின் மேல் நின்றுகொண்டு நாங்கள் பாதிரிமார் பள்ளிக்கூடத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"அப்படியானால் பார்க்க ஒன்றுமே இல்லையா?" என்றான்.

பார்க்க ஒன்றுமில்லைதான். கேட்பதற்கு இருக்கிறது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி, சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் காண்பதற்காகப் புதுச்சேரி வந்தார். 1761ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையிறங்க முடியாமல் போயிற்று. அடுத்த சந்தர்ப்பத்துக்காக எட்டு வருஷம் கீழ்த்திசைக் கடல்களில் காத்திருந்தார். 1769ல் அந்த நாளும் வந்தது. வானம் மேகம் மூடிக்கொண்டது. பாவம், வானத்தில் பார்க்க வந்ததைப் பார்க்காதவர் பூமியில் ஒன்றைப் பார்த்து எழுதிவைத்தார்: இந்த ஆற்றங்கரையில் பழைய சுவர்கள் தெரிகின்றன, வீராம்பட்டினத்து ஜனங்கள் பெரிய பெரிய செங்கற்களை எடுத்துப் போகிறார்கள் என்று. பிறகு நெடுங்காலம் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 1937ல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ-துப்ரேய், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் மணிகளும் கற்களும் விலைக்கு வாங்கினார். அவற்றில் ஒன்றில் செதுக்கியிருந்த தலை அகஸ்டஸ் சக்கரவர்த்தியுடையது என்று கண்டார். 'இது ரோமானிய நகரம்' என்று முடிவு கட்டினார்.

1944ல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை மியூசியத்து அலமாரி ஒன்றில் ஒரு சாடியின் உடைசலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பிடி வைத்த ரோமானியச் சாடி. எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு அரிக்கமேடு போனார். 1945ல் தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோவைச் சேர்ந்த குயவர்கள் முத்திரை குத்திய சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன. மதுச் சாடி, ஒலிவ எண்ணெய்ச் சாடி, மீனை உப்பிலிட்டு நொதிக்க வைத்து எடுத்த சாறு வந்த சாடி எல்லாம் இங்கே வந்திருக்கின்றன என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் கண்டார்கள். கருவாட்டுக்குப் பேர்போன கடற்கரைக்கு மீன் சாற்றைக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். வந்து தங்கியவர்களுக்கு நம் வீட்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

வீலர் செய்த உபகாரம் சாமானியமானதல்ல. அதுவரை தென்னாட்டுப் பழம் பானைகளுக்கு வயது சொல்லச் சரியான வழியில்லை. இத்தாலிய மட்கலத்துக்கு வயது தெரியும். கிறிஸ்து சகாப்தம் தொடங்குவதை ஒட்டிய சில பத்தாண்டுகள். அதே மண்படுகையில் கிடந்த நம் பானைக்கும் அதே வயது. அந்தப் பானை வேறு எந்த ஊரில் கிடைத்தாலும் அங்கேயும் அதே கணக்கு. விருந்தாளி ஒருவன் வந்து நம் வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனதுபோல. அந்தத் தேதி இல்லாவிட்டால் தென்னாட்டுச் சரித்திரத்தின் எத்தனையோ கணக்குகள் அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

ஆனால் தேதி எழுதியவனையே வீட்டைக் கட்டியவன் என்று சொல்லிவிடலாமா?

எளிய மீனவர்கள் வாழ்ந்த கரையில் திடீரென்று அந்நிய நாட்டு மதுவும் விளக்கும் பாத்திரமும் வந்து இறங்கின என்று வீலர் ஒரு சித்திரம் எழுதினார். படித்தால் மனசை விட்டு அகலாது. நான் கதை எழுதுகிறவன். ஆகையால் கதை எழுதும் கை எங்கே உள்ளே புகுகிறது என்று எனக்குத் தெரியும். 'திடீரென்று' என்ற சொல்லில் புகுந்துவிட்டது. தட்டின் உட்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளிக் கோலம் உருட்டிய மெல்லிய மட்கலம் அங்கே ஏராளமாகக் கிடைத்தது. அவ்வளவு நேர்த்தியான வேலையைப் பார்த்து, மேலை நாட்டிலிருந்து வந்தது என்றுதான் அவர் எண்ணினார். பிறகு விமலா பெக்லி என்ற அம்மையார் அந்தக் கேள்வியை மறுபடி கிளப்பினார். மண்ணைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்திய மண், இந்தியக் குயவன் கைவேலை! பெக்லி அம்மையார் 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் தோண்டி வெளியிட்ட முடிவு, ரோமானியச் சரக்கு வருவதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டுகள் முன்னதாகவே அங்கே ஊர் இருந்தது, அது நின்ற பிறகும் வெகுகாலம் இருந்தது என்பதாகும். சொந்தப் பானையின் மேல் சொந்தப் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் கீறி வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் செய்த கண்ணாடி மணிகள் மேற்கே பார்த்ததைவிடக் கிழக்கேதான் அதிகம் போயின. தென்கிழக்கு ஆசியாவெங்கும் அந்த வகை மணிகள் கிடைக்கின்றன. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து மணி நறுக்கும் அந்தத் தொழில் ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நடந்து வந்திருக்கிறது. ரோமானியச் சாடி மண்ணுக்குள் போயிற்று. மணி செய்கிற கைப்பழக்கம் மண்ணுக்கு மேலேயே ஊர் ஊராக நடந்து போயிருக்கிறது.

கொலோனுக்கும் அரிக்கமேட்டுக்கும் உள்ள பேதம் இதுதான். அங்கே ரோமானியன் படையோடு வந்தான். பெயர் வைத்தான், மதில் கட்டினான், வரி வாங்கினான். இங்கே காசோடு வந்தான். வாங்கிக்கொண்டு போனான். இந்தியாவுக்கு வருஷந்தோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறது என்று பிளினி அங்கே உட்கார்ந்து புலம்பினார். கடைக்கு வந்த வாடிக்கைக்காரனைக் கடைக்கு முதலாளி என்று சொல்வதற்கு நாம் எவ்வளவு அவசரப்பட்டிருக்கிறோம்!

மருமகன் விடவில்லை. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் அவன்.

"மாமா, ஊர்ப் பஞ்சாயத்தில் சொந்தக்காரன் சாட்சி செல்லுமா? அசலூர்க்காரன் சொன்னால்தானே நம்புவார்கள்? அதனால்தான் நமக்கு ரோமானியன் வேண்டியிருக்கிறது."

சரியான கேள்விதான். நம் பெருமையை நாமே சொன்னால் தற்பெருமை. பிறர் சொன்னால் சான்று. ஆனால் அசலூர்க்காரன் சாட்சியை நம்புவதற்கும் அவன் சாட்சி சொன்ன பிறகுதான் நம் வீடு நம் வீடு என்று நம்புவதற்கும் வித்தியாசம் உண்டு. அரெஸ்ஸோ மட்கலம் நல்ல சாட்சி. ஏன் என்றால், சாட்சி சொல்கிறோம் என்று அதற்கே தெரியாது. அதைப் படிக்கிறவர்கள்தான் தங்கள் ஆசையைக் கலந்து படிக்கிறார்கள். வீலர் கலந்தார். எதிர்ப்பக்கத்தில், 'யவனனாவது மண்ணாவது, எல்லாம் நம்முடையதே' என்று மேடையில் முழங்குகிறவர்களும் கலக்கிறார்கள். அவர்கள் பேச்சும் எனக்குப் பிடிக்காது. சாடி அங்கிருந்துதான் வந்தது. அதிலிருந்த மதுவை யாரோ இங்கே குடித்துமிருக்கிறார்கள். அதை மறைப்பானேன்?

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் யார், நிலம் அளக்க வந்தவர்களா என்று விசாரித்தார். இல்லை என்றதும் கொஞ்சம் நிம்மதியோடு உட்கார்ந்தார். சின்ன வயதில் மழை விட்ட மறுநாள் பிள்ளைகளோடு வந்து இங்கே மணி பொறுக்கியதைச் சொன்னார். சிவப்பு, பச்சை, நீலம். நூலில் கோத்துத் தங்கைமார் கழுத்தில் போட்டுக்கொள்வார்களாம். இப்போது தொடக்கூடாது.

"பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க. பக்கத்துல ஒரு ரூம் எடுக்கலாம்னா கூடாதுங்கறாங்க. அடியில ரோம்காரன் பானை இருக்குதாம்" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010ல் சட்டம் அப்படி இறுகிவிட்டது. மருமகன் உற்சாகமாக, "தாத்தா, அது ரோம்காரன் பானை மட்டுமில்லே. உங்க முப்பாட்டன் பானைதான் நிறைய. உங்க ஊர் ஜனங்கதான் இந்த மணியெல்லாம் செஞ்சாங்க" என்றான். நான் சொன்னதை அவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொண்டுவிட்டான்.

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யார் பானையா இருந்தா என்ன தம்பி? ரூம் ரூம்தானே?" என்றார்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். சட்டமில்லாத காலத்தில் சுவர்சுவராகச் செங்கல் போயிற்று. இன்னும் நூறு வருஷம் விட்டிருந்தால் மேடே இருந்திராது. ஆனால் பழம்பெருமைக்கு வரி கட்டுகிறவர் அந்தக் கிழவர்; அதை அனுபவிக்கிறவர்கள் காரில் வந்து படம் எடுத்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்கள். வேர் நம்முடையதா யவனனுடையதா என்று மரத்தடியில் உட்கார்ந்து வழக்காடுவது எங்களுக்குத்தான் சாத்தியம். அவருடைய மருமகள் இன்னமும் தாழ்வாரத்தில் துணி கட்டி மறைத்துப் படுக்கிறாளோ என்னவோ. அவர் எழுந்து போகும்போது, "பேப்பர்ல எழுதறவங்கன்னா ரூம் விஷயத்தை எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

திரும்பும்போது புதுச்சேரி மியூசியத்தில் அரிக்கமேட்டுச் சாமான்களைப் பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் சாடியின் உடைந்த துண்டுகள். பையன் மணிகளின் முன்னால்தான் அதிக நேரம் நின்றான். எனக்கு மனசு வேறெங்கோ போய்விட்டது. என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் ஒரு காகிதத்தின் மேல் போய்விட்டது.

அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் யோக்கியனல்ல. என் நாவல் ஒன்று மொழிபெயர்ப்பாகி வெளிநாடு போயிற்று. அங்கே ஒரு பேராசிரியர் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அதில் ஒரு காட்சியைக் குறிப்பாகப் புகழ்ந்திருந்தார்: சித்திரா பௌர்ணமி இரவில் கதாநாயகன் கடலிலிருந்து முகத்துவாரத்தின் வழியாகப் படகைக் காயலுக்குள் கொண்டுவரும் காட்சி. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவனால்தான் இப்படி எழுத முடியும் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில்.

அந்தப் பக்கம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, என் தெருவிலிருந்து நாலாவது தெருவில் இருக்கும் ஒரு மீனவர் நாவலைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். சித்திரையில முகத்துவாரம் தூர்ந்துல்ல கெடக்கும்? உங்க ஆளு படகைத் தோள்மேல தூக்கிக்கிட்டா வந்தாரு?" என்று கேட்டார்.

சிரித்து மழுப்பி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் ஐப்பசி என்று மாற்றிவிட வேண்டும் என்று குறித்தும் வைத்தேன். அதற்குள் பேராசிரியரின் பக்கம் வந்துவிட்டது. உலகம் புகழ்ந்த காட்சியில் கை வைக்கலாமா? வைக்கவில்லை. இரண்டாம் பதிப்பிலும் சித்திரா பௌர்ணமியில்தான் படகு வந்தது. ஊர்க்காரர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். விருந்தாளி சொன்னது இனித்தது.

முட்டுக்காடு வந்து சேர்ந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. மருமகன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணல் வழியாகக் கடலை நோக்கி நடந்தான். முகத்துவாரத்தில் மணல் முதுகுபோல எழும்பிக் கிடந்தது. இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் அலை. அவன் கால் நனையாமலே அக்கரைக்குப் போய், கோவளத்துக் கரையிலிருந்து கையசைத்தான். பிறகு மெல்ல நடந்து திரும்பி வந்து, கூடத்தில் கால் மணலைத் தட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த அந்தக் காகிதத்தை ஒரு முறை படித்தான்.

"மாமா, உங்க நாவலில் படகு வருமே, அது இந்த வழியாத்தானே?" என்று கேட்டான்.

மூன்றாம் பதிப்பின் புரூப் மேஜைமேல் கிடந்தது.